மனோரஞ்சிதத்துக்கு ஒரு கவைக்கம்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

விடியற்காலைத் தூறலில் சம்பங்கித் தண்டுகள் இரண்டு தரையில் படுத்துவிட்டன. தென்னை ஈர்க்குச் செருகி, பழைய சேலைக் கிழிசலால் கட்டி நிறுத்தினேன். இறுக்கிக் கட்டமாட்டேன். குச்சியை ஒரு சுற்று, தண்டை ஒரு சுற்று, நடுவில் விரல் நுழைய இடம். காற்றடித்தால் கொஞ்சம் ஆடிக்கொள்ளட்டும். என் செடிகள் எல்லாமே ஏதாவது ஒன்றின் மேல் சாய்ந்துதான் இருக்கும். "உன் தோட்டமே குடிச்சுட்டு வர்ற மாதிரி இருக்கும்மா" என்பாள் இனியா. பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகள். அங்கே பால்கனியில் ஒரே ஒரு கற்றாழை வைத்துக்கொண்டு எனக்கு வகுப்பு எடுக்கிறாள்.

மனோரஞ்சிதம்தான் இருப்பதிலேயே பெரிய சோம்பேறி. செடியா கொடியா என்று அதற்கே தெரியாது. குளியலறைச் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு வேப்பங்கவையின் மேல் போட்டிருக்கிறது. கிளைக்கு அடியில் ஒரு கவைக்கம்பை நட்டு, அந்தக் கவட்டையில் கிளையை ஏந்தி வைத்தால் போதும், கட்டே வேண்டாம். பூக்காம்பையே கொக்கியாக வளைத்துப் பக்கத்தில் இருப்பதை அது பிடித்துக்கொள்ளும்.

மத்தியானம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மஞ்சளாகிவிட்ட ஒரு பூவை மூக்கருகே வைத்துப் பலாச்சுளையை நினைத்தேன். பலாச்சுளை வந்தது. நினைத்த வாசம் வரும் பூ என்று எல்லோரும் சொல்வதுதான். எனக்கு ஒருநாளும் அது பொய்த்ததில்லை.

அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் வருகிறார்.

ஜூன் 17

வந்துவிட்டார். வடக்கே மழை பிடித்ததும் போர்வெல் வண்டிகள் எல்லாம் திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிடும். ஊரில் இப்போது எங்கே பார்த்தாலும் ரிக் லாரி. கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று பழகிய மனுசன், "காபி குடு" என்றால் தெருவுக்கே கேட்கிறது. துணிப்பையைத் திறந்தால் கல்பொடி. மூன்று முறை அலசியும் வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாகவே இருந்தது.

மஞ்சள் பூ ஒன்றைப் பறித்து நீட்டினேன். முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். நினைக்கத் தெரியாதவருக்கு எப்படி வரும்?

ஜூன் 19

இனிமேல் வண்டிக்குப் போகப்போவதில்லையாம்.

ஜூன் 20

வண்டியில் இருந்த தன் பங்கைச் சின்னுசாமிக்கே எழுதிக் கொடுத்துவிட்டாராம். சின்னுசாமி இவருடைய கூட்டாளி. எதற்கு என்று கேட்டேன். "போதும் அம்மிணி" என்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டேன்.

எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை? வரவேண்டும் அல்லவா?

இருபது வயதில் இந்த வீட்டுக்கு வந்தேன். ஆனியில் வருவார், ஆயுத பூசை முடிந்ததும் போவார். மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு புருசன். அந்த நாட்களில் கறிக்குழம்பும் சொந்தக்காரர்களும் சத்தமுமாக வீடு நிறைந்து கிடக்கும். பிறகு வண்டி கிளம்பும். மறுநாள் காலையில் எழுந்து வெளியே வந்தால் வீடு முழுக்க எனக்கே எனக்கு. அந்தக் காலைகளை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன பொம்பளை இவள் என்பார்கள். ஆசை ஆசையாகத்தான் வழியனுப்புவேன், அழுதும் இருக்கிறேன். ஆனாலும் அந்த மறுநாள் காலை...

இனி மறுநாள் காலையே கிடையாது.

ஜூலை 3

நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு மாதிரித் தொங்கவிட்டு என் செம்பருத்திகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்திருக்கிறார். எல்லாம் கோணலாம்! குழாய் நேராக இறங்கவில்லை என்றால் போர் வீணாகிவிடுமாம். "இது போர் இல்லீங்க, செடி" என்றேன். காதில் விழவில்லை. சாயங்காலத்துக்குள் கட்டுக்கம்பியும் இரும்புக் கம்பியுமாக எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடியேற்றத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கின்றன. நந்தியாவட்டையைப் பார்த்தால் எனக்கே மூச்சு முட்டியது.

அவர் தூங்கும்போது கம்பிகளை வெட்டினேன். எழுந்து வந்து பார்த்தார். "ஏன் புள்ளை, உழுந்துருமல்லோ?"

"உழாதுங்க. இத்தனை வருசம் உழுந்துதா?"

கடைசியில் பாகம் பிரித்தோம். செம்பருத்தி வரிசையும் அதற்கு அந்தப் பக்கமும் அவருக்கு. துவைக்கிற கல், சம்பங்கி, மனோரஞ்சிதம் எனக்கு. என் பக்கம் கம்பியோடு வரக்கூடாது. நம் மலைமேல் இருக்கிற சாமி பெண்டாட்டிக்குப் பாதி உடம்பையே கொடுத்தார். எனக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பொடக்காணியில் பாதி கொடுக்கவே இத்தனை வயிற்றெரிச்சல்.

ஜூலை 14

மத்தியானம் முழுக்கக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தது பச்சைக் கற்பூரம். வெயில் இலைகளுக்குள் நுழைந்து என் முழங்கால்மேல் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் அவர் செம்பருத்தியோடு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நான் செடியோடு பேசுவதைக் கிண்டலடிக்கிற மனுசன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

அவ்வளவு கோபம். எழுதிவிட்டால் அடங்கும்.

சூரமங்கலத்தில் தங்கச்சி ஸ்ரீதேவி வீட்டுக்குக் காலையில் போனேன். வடை சுட்டாள், நன்றாகத்தான் இருந்தேன். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே ஆடிக்காற்று ஆளைத் தள்ளியது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், மனோரஞ்சிதத்தின் நட்டநடுவில், தூரை ஒட்டி, ஒரு கேசிங் பைப். போர்க்குழிக்குள் இறக்குகிற அந்த நீலக் குழாய். ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது, இடுப்பளவு மண்ணுக்குள் இருக்குமாம். கிளைகளை எல்லாம் சேர்த்து அள்ளி அதோடு கட்டியிருக்கிறார்.

கவை முறிந்து செடி விழுந்துவிட்டதாம். காப்பாற்றினாராம்.

ரிக்காரருக்குத் தெரிந்தது ஒரே திசை. நேராகக் கீழே! பக்கத்தில் தள்ளி நட்டால் ஆகாதா? தூரிலேயேவா அடிப்பார்கள்? பாறையைத் துளைக்கிற கை, வேர் எந்த மூலைக்கு? மண்ணை விலக்கிப் பார்த்தேன். என் மணிக்கட்டுத் தடிமன் வேர், இரண்டாகக் கிடந்தது.

"நீங்க வண்டிக்கே போயிருக்கலாமுங்க. யாரு உங்களை இங்க இருக்கச் சொன்னா?"

இதை மட்டும் முதல் தடவையிலேயே அவர் காதில் வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 4

இலைகள் தொங்கிவிட்டன.

ஆகஸ்ட் 6

பேச்சு இல்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டு எழுந்து போகிறார். வீட்டில் சத்தமே இல்லை. நான் ஆசைப்பட்டது இதைத்தானே?

பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் கோயிலுக்குப் பூப்பறிக்க வந்தார். "பாம்பு வர்ற செடி சாமி, போனாப் போகுது உடு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவராகவே சொன்னார். "உன்ற ஊட்டுக்காரரு அன்னைக்குக் காத்துல அந்தச் செடியக் கட்டிப் புடிச்சுட்டே நின்னாரு கண்ணு. நெம்ப நேரம். மேலெல்லாம் முள்ளுக் கீறல். நான்தான் சொன்னேன், எத்தனை நேரஞ் சாமி புடிச்சுட்டு நிப்பே, ஏதாச்சும் நட்டுக் கட்டுன்னு."

மத்தியானம் எட்டிப் பார்த்தேன். வெயில் படாமல் செடிக்கு மேலே தன் வேட்டியை விரித்துக் கட்டியிருந்தார். லூசாகத்தான் கட்டியிருந்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காலையில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போனவர், ஒரு கட்டுக் கவைக்கம்போடு வந்தார். யாரோ தோட்டத்து வேலியைக் கழிக்கும்போது கேட்டு வாங்கியதாம். பச்சைக் கிளுவை. முள்ளை எல்லாம் சீவி, கவட்டையை வழவழவென்று தேய்த்திருந்தார்.

"பைப்பைப் புடுங்கட்டா?"

"வேண்டாமுங்க. புடுங்குனா மிச்சமிருக்கற வேரும் வந்துரும்."

வாடிய பக்கம் பூராவையும் வெட்டினோம். அதாவது, நான் காட்டினேன், அவர் வெட்டினார். வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டார். பிழைத்திருந்த கிளைகளுக்குக் கீழே, தூரைவிட்டுத் தள்ளி, நாலாபக்கமும் கவை நட்டோம். நடுக் கிளையைப் பைப்போடு சேர்த்துச் சேலைக் கிழிசலால் கட்டச் சொன்னேன்.

"எத்தனை லூசா உடோணும்?"

"உங்க பனியன் மாதிரி."

சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று. தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.

பிழைக்குமா தெரியாது. பிழைக்கவேண்டும்.

ஆகஸ்ட் 30

தளிர்! சுவரோரக் கிளையில், பருப்பு அளவுக்கு. அவர்தான் முதலில் பார்த்தார். கூப்பிட்டுக் காட்டாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் வரும்வரைக்கும் அங்கேயே நின்றார்.

செப்டம்பர் 8

நேற்று வைத்த பிள்ளையாரைப் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். பின்வாசல் வழியாக இவர் வந்து ஒரு பூவை நீட்டினார். மஞ்சளாகிவிட்ட பூ. வெட்டுக்குத் தப்பிய கிளையில் இலைக்குள் ஒளிந்திருந்ததாம்.

"என்னத்த நெனைக்கறதுன்னு தெரியலீங்க" என்றேன். வந்தவர்களுக்குச் சுண்டல் தாளிக்கிற அவசரம் எனக்கு.

"நான் ஒண்ணு சொல்லட்டா? ஜோத்பூருக்கு அக்கட்டால ஒரு ஊரு. மூணு வருசமா மழையில்லை. நாங்க போர் போட்டுட்டு இருக்கையில சடசடன்னு வந்துருச்சு. வேலைய உட்டுப்போட்டு எல்லாரும் நனைஞ்சுட்டே நின்னோம். அந்த மணலு வாசம். அதை நெனைச்சுப் பாரு."

கண்ணை மூடி முகர்ந்தேன். நான் ஈரோட்டுக்கு மேற்கே போனதில்லை. ஆனால் வந்தது. சூடான மணல், ஒட்டகச் சாணம், முதல் தூறல். கடுகு கருகிப்போனது.

செப்டம்பர் 12

இன்றைக்கு ராய்ப்பூர் பக்கத்து இலுப்பைப் பூ. மரத்தடியெல்லாம் உதிர்ந்து கிடக்குமாம், கரடி வந்து தின்னுமாம். நேற்று பூ இல்லை, ஆனாலும் ஒரு ஊரைச் சொன்னார். இத்தனை வருஷமும் ஒவ்வொரு ஆனியிலும் இதையெல்லாம் வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். கேட்க நான் உட்கார்ந்தேனா, சொல்ல அவர் உட்கார்ந்தாரா?

செப்டம்பர் 15

சின்னுசாமி வந்தார். ஆப்பிரிக்காவில் ரிக் இறக்குகிறார்களாம். நம்பிக்கையான மூத்த ஆள் ஒருத்தர் வேண்டும், இரண்டு வருஷம், ஆயுத பூசை முடிந்ததும் கிளம்பவேண்டும். "குமரகுரு அண்ணன் இல்லாம நான் யாரை நம்பறதுங்க அக்கா?" என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

அவர் போன பிறகு இவர் செம்பருத்தி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் போடாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது.

"நீ சொல்லு வசந்தா. போகட்டா, இருக்கட்டா? பூசை வரைக்கும் யோசிச்சுச் சொல்லு."

செப்டம்பர் 16

போங்க என்று சொல்லியிருக்கலாம். ஜூலை மாதம் கேட்டிருந்தால் பையை நானே எடுத்து வைத்திருப்பேன். இப்போது ஏன் வாய் வரவில்லை? இருங்க என்று சொல்லவும் வரவில்லை. அதைச் சொன்னால் மறுநாள் காலை எனக்குக் கிடையவே கிடையாது.

செப்டம்பர் 27

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிற வேலையாக அவர் சேலம் போயிருந்தார். என் பதில் எதுவானாலும் கையில் இருக்கட்டும் என்றுதானே? கேட்கவில்லை.

வீடு முழுக்க எனக்கு. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன், மனம் போல. வெயில் முழங்கால்மேல் நகர்ந்தது. பூ ஒன்று இருந்தது. பலாச்சுளையை நினைத்தேன், உடனே வந்துவிட்டது. பச்சைக் கற்பூரம், அதுவும் வந்தது. எல்லாம் வந்தன. எல்லாமே எனக்கு ஏற்கெனவே தெரிந்த வாசனைகள்.

நாலு மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்து பஸ் வருகிறதா என்று பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

அக்டோபர் 11, ஆயுத பூசை

ஊரெல்லாம் ரிக் வண்டிகளுக்குப் பொட்டும் மாலையும். பூசணிக்காய் உடைக்கிற சத்தம். சின்னுசாமி வண்டிப் பூசைக்கு இவரையும் கூப்பிட்டிருந்தார். இவர் போகவில்லை. கடப்பாரை, களைக்கொத்து, கவாத்துக் கத்திரி, நூலில் கட்டிய அந்த நட்டு, எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனம் தொட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. சூடம் காட்டும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஏனுங்க, ஐப்பசி மழை புடிக்கறதுக்குள்ள அந்தக் கவையெல்லாம் மாத்தோணும். பச்சைக் கம்பு, மண்ணுக்குள்ள இத்துப்போயிருக்கும்."

"ம்."

"எனக்குக் கடப்பாரை பிடிச்சுக் குழி தோண்ட முடியாதுங்க."

சூடம் அணைந்துவிட்டது. பிறகு, "நான் மாத்திக் குடுக்கறேன்" என்றார். சின்னுசாமிக்குப் போன் பேசினதைத் தெருவே கேட்டது.

அக்டோபர் 13

வண்டிகள் கிளம்பிவிட்டன. ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள். அவர் வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டு உள்ளே வந்து, பல் விளக்கினாயா என்று கேட்பதுபோல, "இன்னைக்கு எந்த ஊரு சொல்லட்டும்?" என்றார்.

அக்டோபர் 24

இன்றைக்கு நடந்ததை என்னவென்று எழுதுவது?

பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "பாத்துக்கோங்க" என்று சொல்லி மாடியில் துணி எடுக்கப் போனேன். மாடிப்படியிலேயே தீய்ந்த வாசம் மூக்கில் ஏறியது. ஓடி வந்தால், பால் வற்றிப் பாத்திரம் கருகி அடுப்படியெல்லாம் புகை. இவர் அடுப்படிக் கதவுக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். நிம்மதியாக.

"மூக்கு இருக்குதா இல்லையா உங்களுக்கு!"

பேப்பரை மடித்தார். "இல்லை" என்றார்.

கொரோனாக் காய்ச்சலில் போனதாம். திரும்பி வரவே இல்லையாம். இரண்டு மூன்று வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. போன மாசியில் வண்டியில் டீசல் பைப் ஒழுகி, சூடாகியிருந்த என்ஜின் மேல் சொட்டியிருக்கிறது. "நான் பக்கத்துலயேதான் நிக்கறேன். எனக்குத் தெரியலை. பசங்க கத்துனாங்க, ஓடுனோம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆயிருந்தா?" அதற்குப் பிறகுதான் பங்கை எழுதிக் கொடுத்தாராம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அப்புறம் எதுக்குங்க என்கிட்டப் போகட்டா இருக்கட்டான்னு கேட்டீங்க? நான் போங்கன்னு சொல்லியிருந்தா?"

"போயிருப்பேன். நீ இருக்க வேண்டாம்ங்கற ஊட்டுல உக்காந்துட்டு நான் என்ன பண்றது?"

கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். தேய்க்கிற சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

பிறகு அவரே வந்து பக்கத்தில் நின்றார். "அந்த மணலு, இலுப்பைப் பூவு... எல்லாம் ஞாபகத்துல இருந்து சொன்னதுதான். உனக்கு நெசமாவே வந்துதா?"

"வந்துச்சுங்க."

"பொய்யில்லையே?"

"சத்தியமா வந்துச்சு."

அக்டோபர் 25

பூ இல்லாத நாள். அன்றைக்கு அடுப்படியில் நீட்டிய அந்தப் பூவை இவர் எப்படிக் கண்டுபிடித்துப் பறித்தார் என்று இப்போதுதான் யோசித்தேன். வாசத்தை வைத்துத்தான் எல்லோரும் தேடுவார்கள். பழுத்த பூவும் இலைக்குள் ஒளிந்து கிடக்கிற செடியில், ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

நவம்பர் 17, ஞாயிறு

மூன்று நாளாக அடைமழை. சம்பங்கி படுத்தது, நிமிர்த்தினோம். செம்பருத்தி வரிசை இப்போது நேராக இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது, அவர் கண்டுகொள்வதில்லை. இரும்பு நட்டைக் கட்டிய அந்த நூல் ஆணியில் தொங்குகிறது. இனியா வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பாவும் குடிக்க ஆரம்பிச்சுட்டாரா?" என்றாள்.

மழை விட்ட நேரத்தில் ஒரு பூ கொண்டுவந்தார். இன்றைக்கு ஊர் சொல்லவில்லை.

"இன்னைக்கு நீ சொல்லு. நான் நெனைச்சுக்கறேன்."

எனக்கு என்ன தெரியும், எந்த ஊரைச் சொல்வேன்? வீட்டைத்தான் சொன்னேன். ஆனியில் நீங்கள் வருகிற அன்றைக்கு விடிகாலையில் வாசல் தெளித்த மண், உங்கள் பையைத் திறந்ததும் வருகிற ஈரக் கல்பொடி, தாளிக்கும் வெங்காயம் என்று. பூவை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார். வந்ததா என்று நான் கேட்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் குடையோடு போய்ச் செடியைப் பார்த்தோம். கவைகளை மாற்றவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே மழை வந்துவிட்டது. வடக்குப் பக்கக் கிளையை ஏந்தி நிற்கிற கிளுவைக் கவையில் குட்டி குட்டியாக இலை விட்டிருக்கிறது. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. வேர் பிடித்துவிட்டது.

"முட்டுக் குடுக்க நட்டது மரமாவுதே" என்றார். "செடிக்குப் போற தண்ணியப் பங்கு கேக்கும். புடுங்கிப்போட்டு வேற நடட்டா?"

"இருக்கட்டுமுங்க" என்றேன்.